பழைய காரைக் காப்பாத்துறது பெயிண்ட் இல்ல, புஷ்

மொரிஸ் மைனர் படம் ஒன்றை யாராவது முகநூலில் போட்டால் கீழே என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். 'கிளாசிக்', 'அந்தக் காலத்து இரும்பு', 'இப்ப இப்படி எவன் செய்றான்'. எல்லாரும் பார்ப்பது பெயிண்டையும் பம்பரில் மின்னும் குரோமையும்தான். "மச்சான், கீழ எப்படி இருக்கு?" என்று கேட்கிற ஆளை நாங்கள் இதுவரை பார்க்கவில்லை.

நாங்கள் பேச வந்தது அந்தக் 'கீழ' பற்றித்தான். சஸ்பென்ஷனில் இருக்கிற சின்னச் சின்ன இறப்பர் புஷ்களைப் பற்றி. அவற்றை வீட்டு முற்றத்தில் நாமே மாற்றலாமா? மாற்றலாம் என்றால் எவ்வளவு தூரம்? மாத்தளை மாவட்டத்தில் இருக்கிற தமிழ் இளைஞர்கள் இதை ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சில புஷ்களை வீட்டில் மாற்றலாம், மாற்றக் கற்றுக்கொள்ளவும் வேண்டும். சிலதைத் தொடவே கூடாது. எது எது என்று பிரித்துச் சொல்லக்கூடிய அறிவு எங்கள் ஊர் கராஜ்களில் நிறைய இருக்கு. ஆனால் அது தமிழில் எழுதப்படாமலேயே வயதாகிக்கொண்டிருக்கு. எங்களுக்கு உண்மையான கவலை இந்தக் கடைசி விஷயம்தான்.

புஷ் என்ன வேலை செய்யுது?

சக்கரத்தைத் தாங்குகிற கைகள், கம்பிகள், ஸ்பிரிங் பட்டைகள் எல்லாம் காரின் உடம்போடு எங்கேயோ ஒரு இடத்தில் சேர வேண்டும். இரும்போடு இரும்பை நேராகப் பூட்டினால் சத்தம் வரும், தேயும், கடைசியில் உடையும். அதனால் நடுவில் இறப்பர் வைக்கிறார்கள். அது அதிர்ச்சியைக் குடிக்கணும், கொஞ்சம் வளைஞ்சும் கொடுக்கணும், ஆனால் சக்கரத்தை அதன் இடத்தை விட்டு அசைய விடக்கூடாது. இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் புஷ்.

இறப்பர் வயதானால் வெடிக்கும். எண்ணெய் பட்டால் ஊதிக் கொழகொழவென்று போகும். சர்வீஸ் முடிந்ததும் காரின் அடியில் டீசலோ பழைய ஒயிலோ தெளிக்கிற பழக்கம் நம்ம பக்கம் இன்னும் இருக்கு. துருவுக்கு அது நல்லதாக இருக்கலாம். இயற்கை இறப்பர் புஷ்ஷுக்கு அது மெதுவாகக் கொல்கிற விஷம்.

புஷ் போனால் கார் உடனே நிற்காது. அதுதான் பிரச்சினை. முதலில் பள்ளத்தில் 'டக்கு டக்கு' என்று ஒரு சத்தம். பிறகு பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். பிறகு டயர் ஒரு ஓரமாகத் தேயும். ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் பக்கம் ஏறுகிற ரோட்டையோ, உக்குவளையிலிருந்து எல்கடுவைக்குப் போகிற வளைவுகளையோ, அதையும் தாண்டித் தோட்டத்துக்குள் போகிற கல் ரோட்டையோ நினைத்துப் பாருங்கள். சமதரையில் சும்மா சத்தமாக இருக்கிற விஷயம் இறக்கத்தில் வேறு விஷயம்.

இதை யார் பரிசோதிக்கிறார்கள்? தனியார் காருக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை செய்ய வேண்டும். பஸ், லொறிக்கு இருக்கிற மாதிரி தகுதிச் சான்றிதழ் அதற்குக் கிடையாது. அதாவது உங்கள் காரின் பின்பக்கம் என்ன வருகிறது என்று வருடா வருடம் பார்ப்பார்கள். அடியில் என்ன ஆடுகிறது என்று பார்க்க உங்களைத் தவிர யாரும் இல்லை.

இந்தக் கார் ஏன் இன்னும் ஓடுது?

மொரிஸ் மைனர் 1948இல் லண்டனில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினி காரைச் செய்தவரும் இவர்தான். 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். இந்தியாவில் 1950களில் இதே கார் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் வந்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த அம்பாசடரும் மொரிஸ் குடும்பத்துப் பிள்ளைதான்.

இலங்கையில் இது இவ்வளவு காலம் ஓடியதற்குக் காதல் காரணமில்லை. 1960களில் அந்நியச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதியை இறுக்கினார்கள். 1977க்குப் பிறகு கதவு திறந்து ஜப்பான் கார்கள் வரும்வரை, இருந்ததை ஓட்டுவதைத் தவிர வேற வழி இருக்கவில்லை. இல்லாத சாமானை லேத்தில் கடைந்தும், இருந்த சாமானை வெல்டிங் செய்தும் ஓட்டினார்கள். எங்கள் ஊர் 'பாஸ்'மாரின் கைத்திறமை வளர்ந்தது அந்தப் பஞ்சத்தில்தான்.

அதே கதை எங்கள் காலத்திலும் திரும்பி வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாய்ப் பக்கம் போனது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். கிட்டத்தட்ட ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்தில் பழைய வாகனங்களை ரோட்டில் வைத்திருந்தவர்கள் யார் என்று யோசியுங்கள். எந்த அமைச்சரும் இல்லை. கராஜ்காரர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 'அந்தக் காலம் பொற்காலம்' என்கிற பேச்சில் எங்களுக்குப் பங்கில்லை. தோட்டத்தில் கார் என்றால் அது தொரையின் கார். எங்கள் தாத்தா பாட்டிமார் அதில் ஏறிப் போகவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்று வழி விட்டார்கள். அந்தக் காலத்தில் பதிவான பல கார்களின் எண் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருக்கும். அந்த எழுத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். இன்றைக்கு அதே 'ஸ்ரீ' தகடு 'ஒரிஜினல் நம்பர்' என்று காரின் விலையைக் கூட்டுகிறது. வாங்குகிறவர்களில் பலருக்கு இந்தக் கதை தெரியாது.

அப்ப ஏன் இந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம்? தொரை ஓட்டின காலம் முடிந்து, டாக்சியாகி, கலியாணக் காராகி, இன்று வரை அது உயிரோடு இருப்பது அதைத் திருத்தினவர்களால். அவர்களில் நிறையப் பேர் எங்கள் ஆட்கள். காரின் வரலாறு என்றால் அந்தக் கைகளின் வரலாறும் அதில் வர வேண்டும்.

முற்றத்தில் என்ன செய்யலாம்?

எங்கள் குழுவில் ஒருவரின் வீட்டில் மொரிஸ் மைனர் 1000 ஒன்று நிற்கிறது. அதன் முன்பக்க டை பார் புஷ்களையும் பின்பக்க ஷெக்கிள் புஷ்களையும் நாங்களே மாற்றினோம். பக்கத்தில் ஓய்வு பெற்ற பாஸ் ஒருவர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பேனரைத் தொடவில்லை, வாயால் மட்டும்தான் வேலை செய்தார். அதற்குரிய கூலியைக் கொடுத்தோம். அவரிடம் கற்றதும் கையேட்டில் படித்ததும் சேர்த்துச் சொல்கிறோம்.

முதலில் சமதரை. மலையகத்தில் இதுதான் கிடைக்காத கருவி. முற்றம் கொஞ்சம் சரிந்தாலும் வேலையைத் தொடங்காதீர்கள். முன்பக்கம் தூக்கினால் பின் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். பின்பக்கம் தூக்கினால் முன் சக்கரங்களுக்குக் கட்டை கட்டாயம். ஏனென்றால் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும்தான். அவை அந்தரத்தில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் இழுத்தும் பயனில்லை.

ஜாக் என்பது தூக்க மட்டும். தாங்குவதற்கு அல்ல. காரைத் தூக்கிய பிறகு இரும்பு ஸ்டாண்டில் இறக்கி வையுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள், கிடைக்கும் வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள். சிமெந்துக் கல்லை அடுக்கி அதன் மேல் காரை வைக்கிற பழக்கத்தை இந்த வரியோடு விட்டுவிடுங்கள். அது ஒரு வினாடியில் நொறுங்கும். கீழே படுத்திருப்பவருக்கு அந்த ஒரு வினாடி போதாது.

அடுத்தது ஸ்பேனர். ஜப்பான் காருக்கு வாங்கின மில்லிமீட்டர் ஸ்பேனர் இதற்குச் சரிவராது. மைனர் 1000இல் பெரும்பாலும் அங்குல அளவு நட்டுகள். 'ஏறக்குறையப் பொருந்துது' என்று மில்லிமீட்டரைப் போட்டால் நட்டின் மூலைகள் உருண்டுவிடும். பிறகு உளி, சுத்தியல், கெட்ட வார்த்தை என்று போகும். முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெயை நட்டுகளில் மட்டும் விட்டு ஊற விடுங்கள்.

எந்த புஷ் போயிருக்கு என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. ஒருவர் சாரதி சீட்டில் இருந்து காரை மெதுவாக, நடை வேகத்தில் உருட்டி பிரேக் பிடிக்க வேண்டும். இன்னொருவர் தள்ளி, பக்கவாட்டில் நின்று முன் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். சக்கரம் மட்கார்டுக்குள்ளே பின்னால் நகர்கிறதென்றால் டை பார் புஷ்ஷில் சந்தேகம். கீழ்க் கை முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்து வைத்திருப்பது அந்த டை பார்தான். பிறகு காரை நிறுத்தி, ஒரு லீவரை வைத்து நெம்பிப் பார்த்தால் வெடிப்பு கண்ணுக்கே தெரியும்.

டை பாரின் முன் முனையில், பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் இறப்பர் இருக்கும். கீழ்க் கையைச் சரியாகத் தாங்கி வைத்துக்கொண்டு, முன் நட்டைக் கழற்றி, பாரை விடுவித்து, பழையதை எடுத்துப் புதியதைப் போடலாம். கழற்றும்போதே கிண்ண வாஷர்கள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று போனில் படம் எடுத்து வையுங்கள். பின்பக்க ஷெக்கிளும் இதே மாதிரிதான். தகடுகளைக் கழற்றினால் இறப்பர் பாதிகள் கையோடு வரும். இங்கே காரின் உடம்பைத் தனியாகவும் அக்சிலைத் தனியாகவும் தாங்கி, ஸ்பிரிங்கில் பாரம் இல்லாமல் செய்த பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும்.

புது இறப்பர் இறுக்கமாக இருந்தால் கிரீஸ் பூசாதீர்கள். சவர்க்காரத் தண்ணீர் போதும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

பாஸ் மூன்று தரம் சொன்ன விஷயம் ஒன்று இருக்கு. "கடைசி இறுக்கு கார் தரையில நிக்கும்போதுதான்." காரணம் இதுதான். கார் அந்தரத்தில் தொங்கும்போது கைகளும் ஸ்பிரிங்கும் கீழே இறங்கி இருக்கும். அந்த நிலையில் இறுக்கிவிட்டுக் காரை இறக்கினால், இறப்பர் எப்பவும் முறுக்கிக்கொண்டே நிற்கும். புதுப் புஷ் சீக்கிரமே கிழியும். அதனால் முதலில் கையால் அளவாகப் பூட்டுங்கள், காரை இறக்கி நாலு தரம் மேலும் கீழும் அமுக்குங்கள், பிறகு இறுக்குங்கள். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு முறை பாருங்கள். சக்கர அலைன்மென்டையும் பார்த்துவிடுங்கள்.

எதைத் தொடக் கூடாது?

மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. காரின் நீளத்துக்குப் போகிற டோர்ஷன் பார் ஒன்று முறுக்கிக்கொண்டுதான் பாரத்தைத் தாங்குகிறது. பார்க்க ஒரு சாதாரணக் கம்பி மாதிரி இருக்கும். ஆனால் அதற்குள் காரின் முன்பக்கப் பாரமே அடங்கி இருக்கு. கீழ்க் கையின் உள்முனையில் இருக்கும் ஐ-போல்ட் புஷ்ஷை மாற்ற வேண்டுமென்றால் அந்த முறுக்கை இறக்க வேண்டும். முறை தெரியாமல் கழற்றினால் கை அடித்துக்கொண்டு வரும், எலும்பை முறிக்கும். யூடியூபில் பார்த்தோம் என்று யாரும் இதில் இறங்க வேண்டாம். அனுபவமுள்ளவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் படியுங்கள்.

வெளியே ஒரு இரும்புக் குழல், உள்ளே ஒரு இரும்புக் குழல், நடுவில் ஒட்டின இறப்பர் என்று வருகிற புஷ்களையும் வீட்டில் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். அதற்குப் பிரெஸ் இருக்கிற கடைக்குக் கழற்றிக்கொண்டு போங்கள்.

புஷ் மாற்றக் காரைத் தூக்கினவர்கள் டிரனியனைப் பார்க்காமல் இறக்கவே கூடாது. மைனரின் முன் சக்கரம் திரும்புவது மேலும் கீழும் இருக்கும் புரி வெட்டின டிரனியன்களில்தான். அவற்றுக்கு ஒழுங்காக கிரீஸ் போக வேண்டும். போகாவிட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் சக்கரம் மடிந்து கார் முகம் குப்புற விழும். மைனர் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த நோய் இது. கிரீஸ் கன் ஒன்றும் கால் மணி நேரமும் இருந்தால் தடுக்கலாம். புஷ்ஷுக்குக் கிரீஸ் ஆகாது, டிரனியனுக்குக் கிரீஸ் இல்லாமல் ஆகாது. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி மெக்கானிக் ஆகிவிட்டீர்கள்.

டயர் துண்டும் நைலோனும்

சாமான் இல்லாத காலத்தில் பழைய டயரை வெட்டிப் புஷ் செய்தார்கள். லேத்தில் நைலோனைக் கடைந்தும் போட்டார்கள், இன்றும் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் அதைச் செய்தவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அவர்களுக்கு வேற வழி இருக்கவில்லை. ஆனால் இன்றைக்கு 'நைலோன் போட்டா ஆயுசுக்கும் பார்க்கத் தேவையில்லை' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். டை பார் புஷ் வளைந்து கொடுக்க வேண்டிய சாமான். அது கல்லு மாதிரி இருந்தால் வளைகிற வேலை இரும்புக்குப் போகும். திரும்பத் திரும்ப வளைகிற இரும்பு புரி இருக்கும் இடத்தில் வெடிக்கும். தேய்ந்த புஷ் சத்தம் போட்டு எச்சரிக்கும், வெடிக்கிற இரும்பு அப்படி எச்சரிக்காது.

பொலியூரிதேன் புஷ்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. எண்ணெய்க்குத் தாங்கும், நீண்ட காலம் உழைக்கும், கொஞ்சம் கடினமாக இருக்கும், சில நேரம் கீச்சிடும். காசு இருந்தால் போடலாம். எங்கள் கல் ரோட்டுக்கும் பழைய உடம்புக்கும் நல்ல இறப்பரே போதும் என்பது எங்கள் கருத்து.

இதில் எங்களுக்குக் கோபம் வருகிற இடமும் ஒன்று இருக்கு. 1876இல் ஹென்றி விக்கம் அமேசனிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அந்தக் கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்தன. ஆசியாவின் இறப்பர்க் கதை தொடங்கிய இடங்களில் அது ஒன்று. 1952இல் சீனாவோடு செய்த உடன்படிக்கையில் இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கினோம். மாத்தளையிலும் இறப்பர்த் தோட்டம் இருக்கு, விடியற்காலையில் எழுந்து பால் வெட்டப் போகிற எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். தொழிற்சாலைகளுக்கான திண்ம டயர்களை உலகத்துக்கே அனுப்புகிற நாடு இது. இந்த நாட்டில் ஒரு பழைய காருக்கு நல்ல புஷ் வாங்க இங்கிலாந்தைப் பார்க்க வேண்டியிருப்பது நியாயமா?

முடியாது என்று சொல்லாதீர்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டரை நடத்திய சார்ல்ஸ் வெயார், காரை அடிக்கடி மாற்றாமல் திருத்தித் திருத்தி நீண்ட காலம் வைத்திருப்பதே சிக்கனம் என்று 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். பிறகு இலங்கையர் ஒருவரோடு சேர்ந்து, மைனர் உதிரிப்பாகங்களை இங்கே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் முயற்சியிலும் இறங்கினார். அதாவது காரைக் கண்டுபிடித்த நாட்டுக்கே எங்கள் நாட்டுக் கைகள் சாமான் செய்து கொடுத்திருக்கின்றன.

எங்களைக் கேட்கப்போகும் கேள்விகள்

"நீங்களே எல்லாத்தையும் செய்தா பாஸ்மாருக்கு வேலை போகாதா?" நியாயமான கேள்வி. போகாது என்றுதான் நினைக்கிறோம். ஒரு புஷ்ஷைத் தானே மாற்றினவருக்கு அந்த வேலையின் கஷ்டம் தெரியும். கூலியைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். டோர்ஷன் பாருக்கும் பிரெஸ் வேலைக்கும் அவர் கராஜுக்குத்தான் வருவார். ஒன்றுமே தெரியாதவர்தான் "இந்தச் சின்ன இறப்பருக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுவார்.

"இது காசு உள்ளவங்களின் பொழுதுபோக்குத்தானே?" கார் வாங்குவது அப்படித்தான் ஆகிவிட்டது. ஆனால் கற்றுக்கொள்வது அப்படி இல்லை. புஷ் முச்சக்கர வண்டியிலும் இருக்கு, உங்கள் மாமாவின் பழைய வேனிலும் இருக்கு. மைனரில் கற்பது எளிது. எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். புதுக் கார்கள் பலவற்றில் புஷ் போனால் கையோடு சேர்த்து முழுசாக மாற்றச் சொல்கிறார்கள். ஒரு துண்டு இறப்பருக்காக ஒரு கை இரும்பைத் தூக்கி எறிவதை நாங்கள் முன்னேற்றம் என்று ஒத்துக்கொள்ள மாட்டோம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் வீட்டுப் பொருட்களைத் திருத்திப் பாவிக்கும் உரிமைக்காகச் சட்டமே கொண்டுவந்தது. நாங்கள் அதைப் பஞ்சத்தில் சட்டம் இல்லாமலேயே செய்து வந்தவர்கள்.

"பழைய கார் புகை விடும், பாதுகாப்பு இல்லை." உண்மை. காற்றுப் பை இல்லை, பிரேக்கும் இன்றைய பிரேக் இல்லை. எல்லாரும் மைனர் வாங்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இருக்கிறதை ஓட்டுவதென்றால் பாதுகாப்பாக ஓட்டுங்கள் என்கிறோம். பெயிண்டுக்குக் கொட்டுகிற காசில் ஒரு சின்னப் பங்கு போதும், நாலு சக்கரத்தின் புஷ்ஷும் புதுசாகும்.

"பொம்பளைப் பிள்ளைங்களும் காருக்கு அடியில போகணுமா?" இந்தக் கேள்வியும் வந்தது. எங்கள் டை பார் நட்டைக் கழற்றினது ஒரு தங்கச்சிதான். இதற்கு மேல் பதில் தேவையில்லை.

எழுதி வைப்போம்

2023இல் மலையகம் 200ஐ ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். எங்கள் முன்னோர் நடந்து வந்த பாதையை ஞாபகப்படுத்தின நடை அது. எங்களில் பலருக்கு அது பெரிய விஷயம். ஆனால் அந்த 200 வருஷத்தில் எங்கள் ஆட்கள் கொழுந்து எடுத்ததையும் பால் வெட்டினதையும் பற்றித்தான் எழுதுகிறோம். லேத்தில் நின்றவர்கள், லொறி திருத்தினவர்கள், தோட்டத்து பெக்டரி மெஷினை ஓட்டினவர்கள் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

நாங்கள் பாவித்த கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில். பாஸ் பேசியது பாதி தமிழும் பாதி சிங்களமும். தமிழில் எங்கேயும் எழுதி இல்லாத விஷயம் அவர் தலையில் இருக்கு. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சான்றிதழ் ஒன்றும் இல்லை. முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ சான்றிதழ் கொடுக்கிற முறை நாட்டில் இருக்கு. அது அவர் மாதிரி ஆட்களுக்குத் தெரிவதில்லை, தெரிந்தாலும் படிவம் நிரப்பிக் கூட்டிப்போக ஆள் இல்லை. அந்த வேலையை எங்கள் வயசுக்காரர்கள் செய்யலாமே?

ஆகவே வாசிக்கிற உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறோம். உங்கள் ஊர் பாஸ் ஒருவரிடம் போய் ஒரு வேலையைப் பார்த்து, அதை முறையாகத் தமிழில் எழுதுங்கள். எந்த ஸ்பேனர், எந்த வரிசை, எங்கே ஆபத்து என்று. அவர் நேரத்துக்குக் காசு கொடுங்கள். 'சும்மா சொல்லிக் குடுங்க அங்கிள்' வேண்டாம். மூன்றாவது, நாலைந்து பேர் சேர்ந்து இரண்டு ஸ்டாண்ட், ஒரு கிரீஸ் கன், ஒரு செட் அங்குல ஸ்பேனர் வாங்கி ஊருக்குப் பொதுவாக வையுங்கள். தனியாக வாங்கினால் பாரம், சேர்ந்து வாங்கினால் ஒன்றுமில்லை.

எங்கள் செட் இப்போது மூன்று வீடுகளுக்கு இரவல் போயிருக்கு. எழுதி முடித்த முதல் குறிப்பு டை பார் புஷ் பற்றியது. அடுத்து டிரனியனுக்கு கிரீஸ் போடுவது. அதை எங்களுக்கு முன்னால் நீங்கள் எழுதி அனுப்பினால் இன்னும் சந்தோஷம்.